தம்பிய ஹோம்ல சேர்த்து ஆறு வருஷம், ரெண்டு ஹோம் பார்த்த அனுபவம்

என் தம்பிக்கு இப்ப 37 வயசு. மனவளர்ச்சி கம்மி, பேச்சு ஒரு நாப்பது வார்த்தைக்குள்ள தான், ஃபிட்ஸ் சின்ன வயசுலேர்ந்தே உண்டு. அம்மா இருந்த வரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் தெரியல, 2019ல அம்மா போனதுக்கப்பறம் தான் அவங்க ராவெல்லாம் அரைத்தூக்கத்துல கெடந்து இவனப் பார்த்துருக்காங்கன்னே புரிஞ்சுது. நான் கும்பகோணத்துல வாடகை வீடு, மாமியாருக்கு பக்கவாதம், வேற வழியில்லாம அந்த வருஷ கடைசில தஞ்சாவூர் பக்கம் ஒரு ஹோம்ல சேர்த்தோம். பேரு சொல்லல. ஊர் வாய்க்கு பயந்து ஒரு மாசம் யார்கிட்டயும் சொல்லக்கூட இல்ல.

பார்க்க அம்சமா இருந்துச்சு அந்த இடம். புது கட்டடம், டைல்ஸ், வாசல்ல கேமரா, ஆஃபீஸ்ல ஏசி. நானும் அதப் பார்த்து மயங்கினவ தான். மாடில படுக்குற ரூமுக்கு ராத்திரி வெளிலேர்ந்து தாப்பா போடுவாங்கன்னு மூணாவது மாசம் தான் தெரிஞ்சுது, அதுவும் அங்க பாத்திரம் கழுவுற அக்கா வாய்தவறி சொன்னது. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. கும்பகோணத்துக்காரங்களுக்கு 2004 ஜூலை 16 மறக்குமா, பள்ளிக்கூடத்து அடுப்புலேர்ந்து கூரைக்கு ஏறின தீல 94 புள்ளைங்க போச்சு, அதுலேர்ந்து எந்த கட்டடத்துக்குள்ள போனாலும் அடுப்பு எங்க இருக்கு வெளில போற வழி எங்க இருக்குன்னு தான் என் கண்ணு தேடும். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி ஏர்வாடில சங்கிலில கட்டிப்போட்டிருந்த மனநோயாளிங்க 28 பேர் தீல மாட்டி செத்தாங்க. இதையெல்லாம் சொல்லி கேட்டேன், "மேடம் இவங்க எந்திரிச்சு ஓடிடுவாங்க, உங்க தம்பி காணாம போனா பரவால்லயா"ன்னு திருப்பி என்னையே கேட்டாங்க, வாயடைச்சு வந்துட்டேன்.

அப்பறம் லாக்டவுன், பல மாசம் உள்ளயே விடல. மறுபடி போய்ப் பார்த்தப்ப ஆளே வேற. எச்சில் வழியுது, கண்ணு சொருகுது, எட்டு கிலோ எளச்சிருக்கான், மணிக்கட்டுல கறுப்பா ஒரு தழும்பு, கேட்டா கொசுக்கடியாம். மாத்திரை மாசாமாசம் நான் தான் வாங்கிக் குடுப்பேன், ஃபிட்ஸுக்கு வால்ப்ரோயேட் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, மாசத்துக்கு 60. அன்னிக்கு தேதி 21, டப்பாவ வாங்கி எண்ணிப் பார்த்தா 36 இருக்கு. 20 தானே இருக்கணும்? ஃபிட்ஸ் மாத்திரை ஒழுங்கா குடுக்கல, ஆனா ஆளு தூங்கி வழியறான், அப்ப வேற என்னத்தக் குடுத்து தூங்க வெக்கிறாங்க? டாக்டர் எழுதினதுன்னாங்க, சீட்டு காட்டுங்கன்னா காட்டல. கடைசில "நீங்க அவருக்கு கார்டியன் கிடையாது, ஃபைல் காட்ட முடியாது"ன்னுட்டாங்க. முப்பது பேருக்கு ராத்திரி ஒரே வாட்ச்மேன், ஏழு மணிக்கே எல்லாரும் அடங்கினா தானே அவருக்கு சௌகரியம்.

அவங்க சொன்ன ஒரு விஷயம் சட்டப்படி சரிதான், அது இன்னும் எரிச்சல். 18 வயசு தாண்டிட்டா கூடப்பொறந்தவங்கங்கறதுனால மட்டும் கார்டியன் ஆயிட முடியாது. இவன மாதிரி மனவளர்ச்சி கம்மியா இருக்கறவங்களுக்கான நேஷனல் ட்ரஸ்ட் சட்டம் 1999 படி கலெக்டர் தலைமைல மாவட்ட கமிட்டி இருக்கு, அங்க மனு போட்டு ஆர்டர் வாங்கணும். நான் அலையாத அலைச்சல் அலைஞ்சு தான் வாங்கினேன், ஆனா வாங்கிடுங்க, பேங்க் கணக்குலேர்ந்து ஆபரேஷன் கையெழுத்து வரைக்கும் அதத் தான் கேக்கறாங்க. நிராமயான்னு ஒரு லட்சம் வரைக்கும் மருத்துவ இன்சூரன்ஸும் அந்த ட்ரஸ்ட்லயே இருக்கு, எனக்கு லேட்டா தான் தெரிஞ்சுது. ஹோமுக்கு 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னு சர்டிஃபிகேட்ட கண்ணால பாருங்க. அந்த மொத ஹோம்ல ஆஃபீஸ்ல மாட்டி தான் வெச்சிருந்தாங்க, அதையும் சொல்லிடறேன்.

2021 ஆடி மாசம் மாத்தினோம். இப்ப இருக்கறது குடமுருட்டி பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு, திண்ணை, முத்தம் எல்லாம் வெச்சது, மொத்தம் 18 பேர், மாசம் 9000. மொத தடவ பார்த்தப்ப எனக்கு மனசே ஒட்டல, செவுரு காரை பேந்து கெடந்துச்சு. ஆனா வார்டன் அண்ணன் எங்கள உக்கார வெச்சு ஒரு மணி நேரம் கேள்வியா கேட்டார். எந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுப்பான், ஃபிட்ஸுக்கு முன்னாடி என்ன பண்ணுவான், வேகமா முழுங்குவானா, தலைவலின்னா எப்படி காட்டுவான். மொத ஹோம்ல கேட்டதெல்லாம் அட்வான்ஸ் எவ்ளோ தருவீங்கன்னு தான்.

வடையும் இட்லியும் இவனுக்கு பிச்சு தான் வெப்பாங்க, வாய் நெறைய அடைச்சுக்குவான்னு ரெண்டாவது நாளே கண்டுபுடிச்சுட்டாங்க. குளிக்கிற எடத்துல உள்தாப்பா கிடையாது, திரை மட்டும், வெளில ஒருத்தர் பேச்சு குடுத்துக்கிட்டே நிப்பார், தண்ணிக்குள்ள ஃபிட்ஸ் வந்தா ஒரு வாளி தண்ணி கூட எமன் தான். கொல்லைல வாய்க்கா ஓடுது, மேட்டூர் தொறந்து தண்ணி வர்றதுக்கு முன்னாடி வருஷாவருஷம் கம்பிவேலிய சரி பண்ணிடறாங்க. ஃபிட்ஸுக்குன்னு தனி நோட்டு, எத்தன மணிக்கு வந்துச்சு, எத்தன நிமிஷம், எந்தக் கை மொதல்ல வெட்டுச்சுன்னு எழுதறாங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே, டாக்டர் எழுதிக் குடுத்தது, ராத்திரி இருக்கற ரெண்டு பேருக்கும் அடிக்கத் தெரியும்.

போன ஐப்பசி மழைல முத்தத்துப் பாசில வழுக்கி விழுந்து நெத்தில மூணு தையல். காலைல 6.10க்கு ஃபோன், "அக்கா, தம்பி விழுந்துட்டாப்ல, எங்க தப்பு தான், பாசிய சொரண்டாம விட்டுட்டோம், மெடிக்கல் காலேஜ்ல இருக்கோம் வாங்க"ன்னு. போற வழியெல்லாம் பஸ்ல கோவமா தான் போனேன், அங்க போய் நிக்கறப்ப கோவம் எங்க போச்சுன்னு தெரியல. கொசுக்கடின்னு சொன்னவங்களையும் பார்த்தவ நான். அடுத்த ஞாயித்துக்கெழம போனா முத்தத்துல சொரசொரப்பா சிமெண்ட் போட்டிருந்துச்சு.

எல்லாம் சொர்க்கம்னு நெனைக்காதீங்க. ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க, அறுவடை சீசன் வந்தா ரெண்டு பேர் கெளம்பிடுவாங்க, குடுக்கற சம்பளம் அப்படி. புதுசா வர்றவங்களுக்கு இவன் காதப் பொத்தினா வலின்னு தெரியறதுக்கே ரெண்டு மாசம் ஆகும், அந்த ரெண்டு மாசம் எனக்கு தூக்கம் வராது, சொல்லாம கொள்ளாம சாயந்தரம் ஏழு மணிக்கு போய் நிப்பேன். ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்ல. டிவி நாள் பூரா ஓடுது, அதச் சொல்லி சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. பல்லு பார்க்கறதுக்குன்னு யாரும் வர்றதில்ல, நான் தான் அழைச்சுட்டுப் போறேன்.

அப்பறம் துணி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு தொவைக்கறதுல ஒருத்தர் சட்ட இன்னொருத்தர் மேல. தீவாளிக்கு நீலத்துல சட்ட எடுத்து காலர்ல மார்க்கர்ல பேரும் எழுதிக் குடுத்தேன். அடுத்த வாரம் போறேன், அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு வேற ஒருத்தர் திண்ணைல கால ஆட்டிக்கிட்டு உக்காந்து "வாங்க அக்கா"ங்கறார். பக்கத்துலயே என் தம்பி, ஊதாப் பூ போட்ட யாரோட சட்டையோ, கை முட்டி வரைக்கும் தான் வருது, ரெண்டு பேரும் ஒரே டம்ளர் காப்பிய மாத்தி மாத்தி குடிக்கறானுங்க.