120 கிலோமீட்டரை 28 ஆக்கிய மொபெட்: நாலு வருஷ அனுபவம்

திருக்கழுகுன்றத்தில் வீடு, சென்னை கிண்டி எஸ்டேட்டில் வேலை. போக வர ஏறத்தாழ 120 கிலோமீட்டர். 2021 வரை முழுத் தூரத்தையும் 150 சிசி பைக்கிலேயே ஓட்டினேன். இப்போது ஒரு பழைய 100 சிசி மொபெட்டில் செங்கல்பட்டு வரை 14 கிலோமீட்டர், அங்கிருந்து மின்சார ரயில். கம்பெனி பேர் வேண்டாம். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பால் கேன், மீன் கூடை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்களே, அந்த ரகம். 2019 மாடல், கார்புரேட்டர் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாலு வருஷத்தில் சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ஏன் மாறினேன் என்பது என் பெட்ரோல் நோட்டில் இருக்கிறது. சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு, ஓரமெல்லாம் கிரீஸ் கறை. 2020 மே மாதப் பக்கத்தில் லிட்டர் 75 ரூபாய் 54 காசு. கொரோனா ஊரடங்கில் உலகமே வண்டியை நிறுத்தி, கச்சா எண்ணெய் விலை தரைக்கு வந்திருந்த நேரம் அது. அந்த இறக்கம் நம் டேங்க் வரை வந்து சேரவில்லை. அதே மாதத்தில் மாநிலம் வாட் வரியை ஏற்றியது, மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாய் கலால் வரியைக் கூட்டியது. 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் நூறைத் தாண்டியது.

எங்கள் பக்கம் யாரும் லிட்டர் கணக்கில் பெட்ரோல் கேட்பதில்லை. "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்பதுதான் வழக்கம். சிலர் 110, 210 என்று கேட்பார்கள், அப்படிக் கேட்டால் பங்க்கில் ஏமாற்ற முடியாதாம். மெஷினுக்கு நூறும் ஒன்றுதான், நூற்றிப்பத்தும் ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் 5 லிட்டர் அளவைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், எல்லா பங்க்கிலும் அது இருக்க வேண்டும். அது போகட்டும். என் பைக் லிட்டருக்கு 45 கொடுத்தது. 2020-ல் நூறு ரூபாய்க்குப் போட்டால் கிண்டியிலிருந்து வீட்டு வாசல் வரை வந்துவிடுவேன். 2021 ஜூலையில் அதே நூறு ரூபாய் செங்கல்பட்டோடு சரி. மிச்சம் 14 கிலோமீட்டர் என் பாடு. மாதத்துக்கு 64 லிட்டர், கிட்டத்தட்ட 6,400 ரூபாய். பைக்கை விற்றுவிட்டேன்.

மொபெட்டுக்கு வருகிறேன். முதல் இரண்டு வருஷம் லிட்டருக்கு 58 வரை கொடுத்தது. சராசரி 55 என்று வைத்தாலும் மாதம் 12 லிட்டர் சொச்சம்தான். 2022 ஏப்ரலில் 110 ரூபாய் 85 காசு வரை போனபோதுகூடப் பயப்படாமல் நோட்டில் எழுதினேன். மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்து, 102 ரூபாய் 63 காசுக்கு வந்தது. அந்த விலை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் இறங்கியது. ஸ்டாண்டு பாஸ், சீசன் டிக்கெட் எல்லாம் சேர்த்தாலும் பழைய செலவில் பாதி ஆகவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட் மின்மினிப்பூச்சிதான். ராத்திரி செங்கல்பட்டு ரோட்டில் எதிரே பஸ் வந்தால் ஓரமாக நிறுத்திவிடுவேன், வீராப்பெல்லாம் கிடையாது. ஐம்பதுக்கு மேல் முறுக்கினால் கைப்பிடி நடுக்கத்தில் விரல் மரத்துப்போகும். டேங்க் சின்னது, ரிசர்வ் திருகைக் கவனிக்காமல் விட்டால் தள்ள வேண்டியதுதான். ஒருமுறை அப்படி நின்றபோது பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் விற்கிற பெட்ரோலை ஊற்றினேன். பங்க் விலைக்கு மேல் 20 ரூபாய். இப்படி விற்கக் கூடாதுதான், ஆனால் உள்கிராமங்களில் அதுதான் பங்க். அதில் என்ன கலந்திருந்ததோ, மறுநாள் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்படி ஆனது.

கடைசி ஒரு வருஷமாக மைலேஜ் 52, 53 என்று இறங்கிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு என்பது உண்மைதான். வண்டிக்கும் வயதாகிறது, எனக்கும் எடை கூடியிருக்கிறது, யாரை என்று சொல்ல?

ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்களுக்கு சைதாப்பேட்டை, வேளச்சேரி. பெட்ரோல் ஏறினால் வண்டியை வீட்டில் வைத்துவிட்டு மெட்ரோ, மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ என்று மாறிக்கொள்கிறார்கள். பங்க்கில் அவர்களுக்கும் எனக்கும் விலை ஒன்றுதான். ஆனால் ஓவர்டைம் முடிந்து நான் செங்கல்பட்டில் இறங்கும்போது எங்கள் ஊர்ப் பஸ் கிளம்பிப் போயிருக்கும். மொபெட் இல்லையென்றால் பிளாட்பாரத்தில்தான் படுக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் முன்பு என்னை வண்டியில் கொண்டுபோய் விடச் சொன்ன இடத்துக்கெல்லாம் தானே போய் வருகிறார். என் நோட்டில் ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் குறைந்ததற்கு அதுதான் காரணம், மொபெட் இல்லை.

உண்மையில் அடி வாங்கியது சித்தப்பா. குட்டியானையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போகிறவர். 2022 ஏப்ரலில் சென்னையில் டீசலே நூறைத் தாண்டியது. வாடகையை ஏற்ற வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"நான் ஏத்திடுவேன்டா தம்பி. வெண்டைக்காய்க்கு யாரு ஏத்துவா?"

மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற விவசாயியிடம் கூடுதலாகக் கேட்க வாய் வரவில்லை அவருக்கு. தினமும் போனவர், இரண்டு மூன்று பேருடைய சரக்கு சேர்ந்தால்தான் வண்டியை எடுக்கிறார். சரக்கு சேராத நாளில் வெண்டைக்காய் முற்றிப்போய் மாட்டுக்குப் போகிறது. டீசல் விலை கொஞ்சம் இறங்கிய பிறகும் பழையபடி தினசரி ஓட்டம் திரும்பவில்லை.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். பார்த்தேன். எனக்குப் பிடித்த மாடல் லட்சத்துக்கு மேல், என் மொபெட் 28 ஆயிரம். தினமும் 28 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அந்த வித்தியாசத்தைப் பெட்ரோலில் எடுக்கப் பல வருஷம் ஆகும். கிண்டி வரை ஓட்டுவதாக இருந்தால் கணக்கு வேறு.

ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து, மூட்டை முடிச்சும் தூக்க வேண்டியிருந்தால் இந்த ரகம் வாங்கலாம். ஹைவேயில் தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் என்றால் வேண்டாம், முதுகு தாங்காது. போன வாரம் செயின் ஸ்பிராக்கெட் மாற்றினேன். பழசைச் சித்தப்பா வாங்கிப் போயிருக்கிறார், கிணற்றடியில் எதற்கோ வேண்டுமாம்.