உவர்மலை வாடகைச் சொத்து வகுப்பு: காலைப் பாதிக்கு மட்டும் போகலாம்

திருகோணமலையில் வாடகை வருமானத்துக்கு வீடு, காணி வாங்குவது பற்றி ஒருநாள் வகுப்பு நடத்துகிறார்கள். உவர்மலைப் பக்கம் ஒரு மாடி மண்டபம், ஞாயிறு காலையிலிருந்து பின்னேரம் வரை, கட்டணம் 6,000 ரூபா, பகல் சாப்பாடும் அதற்குள்தான். போகலாமா என்று சிலர் கேட்டார்கள். காலை அமர்வுக்காகப் போகலாம், மத்தியானத்துக்குப் பிறகு சொன்னதை அப்படியே நம்பிக் காணிக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

காலையில் எடுத்தவர் வங்கிக் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சேர். ஸ்லைட் எதுவும் இல்லை, வெள்ளைப் பலகையும் ஒரு கல்குலேட்டரும்தான். வாடகை வரும் என்று காட்டினால் வங்கி கடன் தந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே முகம் மாறிவிட்டது: வங்கி முதலில் பார்ப்பது உங்கள் சம்பளச் சீட்டை, அப்புறம் மதிப்பீட்டாளரின் அறிக்கை, அதிலும் சந்தைப் பெறுமதியை விடக் கட்டாய விற்பனைப் பெறுமதியைத்தான் (அவசரமாக விற்றால் கிடைக்கக்கூடிய விலை) கூர்ந்து பார்ப்பார்கள், அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், மிச்சத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும்.

பிறகு ஒரு கணக்குப் போட்டார். ஒன்றரைக் கோடிக்கு வீடு, மாத வாடகை 45,000. வருடத்தில் ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும் என்று வைத்தால் 4,95,000. சோலைவரி, பெயின்ட், தண்ணீர் மோட்டர், கூரை என்று 75,000 போனால் மிஞ்சுவது 4,20,000, அதாவது போட்ட காசுக்கு 2.8 வீதம். நிலையான வைப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்று பின்னாலிருந்து ஒரு குரல். சேர் சிரித்துவிட்டு அடுத்த வரியை எழுதினார்: அதே வீட்டுக்கு ஒரு கோடி கடன், 12 வீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,20,000. வாடகை போக 75,000 உங்கள் சட்டைப் பையிலிருந்து. வட்டி 20 வீதமானால் தவணை 1,75,000ஐத் தாண்டும். 2022இல் கடன் வட்டி எங்கே போய் நின்றது என்பதை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. முத்திரைத் தீர்வையை வேறு மறந்துவிடுகிறோம்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஒன்றரைக் கோடிக்கு ஆறு இலட்சத்துக்கு வெறும் ஆயிரம் ரூபாதான் குறைவு. நொத்தாரிசுக் கூலி தனி.

இந்த மூன்று மணித்தியாலத்துக்கே 6,000 கொடுக்கலாம்.

சாப்பாடு சோறும் மீன் குழம்பும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பின்னேரம் வந்த தம்பி நல்லாகப் பேசுவார், ஆனால் கொண்டுவந்த ஸ்லைட் எல்லாம் அமெரிக்காவுக்கானவை. மாத வாடகை விலையில் ஒரு வீதம் இருக்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் அந்த ஒன்றரைக் கோடி வீட்டுக்கு மாதம் ஒன்றரை இலட்சம் வாடகை கேட்க வேண்டும், உவர்மலையில் யார் தருவார்? முப்பது வருடத்துக்கு மாறாத வட்டியில் கடன், கட்டிடத்தின் விலையை 27.5 வருடத்துக்குப் பிரித்து வரிக்கணக்கில் கழிக்கும் தேய்மானக் கழிவு, ஒரு சொத்தை விற்று இன்னொன்றை வாங்கினால் வரியைத் தள்ளிப்போடலாம் என்ற 1031 விதி, எல்லாம் அந்த நாட்டில் உண்மைதான். இங்கே அதை வைத்து என்ன செய்வது?

நிலாவெளியிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா எழும்பி, "தம்பி, எங்கட பக்கம் பாதிக் காணி பேர்மிட் காணி, அதை வாங்கலாமா?" என்று கேட்டார். "அதை உங்கட லோயர் பார்ப்பார் அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பேர்மிட் காணி என்றால் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அளிப்பாகக் கொடுத்த காணியைக் கைமாற்ற முன்கூட்டியே பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி வேண்டும், வெறும் அனுமதிப்பத்திரத்தைத் தனியார் உறுதி போல வாங்கி விற்க முடியாது. உரிமையாளர் கனடாவில், இங்கே கையெழுத்து வைப்பவர் அற்றோணித் தத்துவம் வைத்திருக்கும் மச்சான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்தைத் தேடிப் பார்ப்பது பற்றி முழுப் பின்னேரத்திலும் ஒரு வார்த்தை இல்லை. இந்த ஊரில் இடம்பெயர்ந்து போனவர்களின் காணிகள் எத்தனை என்று தெரிந்தவர்கள் நடத்தும் வகுப்பில் இதை விட்டுவிடுவது சரியில்லை.

உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் போடுவது பற்றிய பகுதியும் அப்படித்தான், பன்னிரண்டு மாதமும் அறை நிரம்பும் என்பது போல ஒரே வருமானத்தை மாதாமாதம் போட்டிருந்தார். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும்போது சனம் வரும், வாடை மழை தொடங்கினால் யார் வருகிறார்கள்? வங்கித் தவணை டிசம்பரிலும் வரும்.

முடிவில் ஒரு எக்செல் கோப்பை வட்சப்பில் அனுப்புகிறார்கள். பயன்படக்கூடியது. ஆனால் அறை காலியாக இருக்கும் வீதத்துக்கு 5 என்று போட்டிருக்கிறது, கடற்கரைப் பக்கம் கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். சேர் மட்டும் தனியாக அரைநாள் வகுப்பு வைத்தால் சொல்லுங்கள், நான் என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவேன்.