கலைவழி அறிவியல்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

அறிவியலை மக்களிடம் கொண்டுபோகக் கலைஞர்களுக்குக் கொடுக்கப்படும் பணத்தைப் பற்றிய விமர்சனம் இது. முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். விமர்சனம் படிக்க வருபவர்கள் தேடுவது அதைத்தானே.

பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1996 முதல் 2006 வரை ‘சயார்ட்’ என்று ஒரு திட்டம் நடத்தியது. கலைஞரும் விஞ்ஞானியும் சேர்ந்து செய்த 118 முயற்சிகளுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். சராசரி பார்த்தால் ஒன்றுக்கு 25 ஆயிரம் பவுண்டு. இன்னொரு பக்கம், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2010-இல் பருவநிலை மாற்றம் பற்றிய ஒரு நாடக முயற்சிக்கு மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த நாடகம் 2014-இல் நியூயார்க்கில் மேடையேறியது. அமெரிக்கக் காங்கிரஸில் அதை வைத்து வறுத்தெடுத்தார்கள். வறுத்தவர்களின் அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனால் ‘இவ்வளவு பணத்துக்கு என்ன கிடைத்தது’ என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள் என்பதற்காக நாம் கேட்காமல் விட முடியாது.

நான் கணிதம் கற்பிக்கிறவள். இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் குழுக்களிலும் அவ்வப்போது உட்கார்ந்திருக்கிறேன். பார்வையாளராக நுழைவுச்சீட்டு வாங்கிப் போய் நின்றதும் உண்டு. இது அந்த மூன்று நாற்காலிகளிலிருந்தும் எழுதுவது.

மோசமானதை முதலில் முடித்துவிடலாம். குவாண்டம் பிணைப்பை, அதாவது தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நிலையை, ‘அனுபவிக்க’ வைக்கும் கலை நிறுவல் (இன்ஸ்டலேஷன்) ஒன்று. இருட்டறை, அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம், அறையின் இரு மூலைகளிலும் கண்ணாடி உருண்டைகள். இங்கே ஒன்றைத் தொட்டால் அங்கே மற்றது ஒளிரும். எல்லோரும் தொட்டார்கள், படம் எடுத்தார்கள், நகர்ந்தார்கள். சிக்கல் என்னவென்றால், பிணைப்பு செய்யாத ஒரே காரியம் இதுதான். பிணைந்த இரண்டு துகள்களில் ஒன்றை இங்கே என்ன செய்தாலும் அங்கே இருப்பவருக்கு ஒரு சேதியும் போகாது. இரண்டு பக்கத்து அளவீடுகளையும் பிற்பாடு ஒப்பிட்டால்தான் அவற்றுக்குள் இருக்கும் ஒற்றுமை தெரியவரும். தொட்டால் அங்கே எரிகிற விளக்குக்குக் குவாண்டம் இயற்பியல் எதற்கு, ஒரு கம்பி போதும். உள்ளே வரும்போது பிணைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் வெளியே போகும்போது தவறாகத் தெரிந்துகொண்டு போகிறார். அதற்கு அறிவியல் பணம். அழகாக இருந்ததா என்றால் இருந்தது. கலைக்கான நிதியில் செய்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இப்போது நல்லது.

1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் குரோஷா ஊசியை, அதாவது நூல் பின்னும் கொக்கி ஊசியை, எடுத்தார். அதுவரை ஹைபர்போலிக் தளத்தை, அதாவது எந்த இடத்திலும் குதிரைச் சேணம் போல வளைந்திருக்கும் பரப்பை, மாணவர்களுக்குக் காட்டக் காகிதத்தை மெல்லிய வளையங்களாக வெட்டி ஒட்டித்தான் மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். கையில் எடுத்துப் பார்ப்பதற்குள் கிழியும். டைமினா நூலில் பின்னினார். செய்முறை ஒரே வரி: ஒவ்வொரு வரிசையிலும் இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும், அந்த விகிதம் மாறக் கூடாது. 20 கண்ணியில் ஆரம்பித்து ஐந்துக்கு ஒன்று கூட்டினால், பத்து வரிசை கழித்து ஏறக்குறைய 124 கண்ணி. இருபது வரிசை கழித்து 767. அதற்குமேல் ஒரு வரிசை முடிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். அடுக்குக்குறி வளர்ச்சி என்றால் என்ன என்று கரும்பலகையில் எத்தனை வரைபடம் போட்டாலும் புரியாதது, விரல் வலிக்கும்போது புரிந்துவிடுகிறது.

இதை வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். பின்னல் சுருங்கி மடிந்து அலை அலையாக எழும்பும். தட்டையாக்க அழுத்துவார்கள், இன்னொரு பக்கம் கிளம்பும். அப்புறம் டைமினா வழியிலேயே, துணியை மடித்து மடிப்பின்மேல் வேறு நிற நூலை ஓட்ட வேண்டும். அதுதான் அந்தத் தளத்தில் நேர்கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, அதன் வழியே முதல் கோட்டை வெட்டாத கோடுகளை மடிக்கச் சொன்னால் ஒன்று வரும், இரண்டு வரும், இன்னும் வந்துகொண்டே இருக்கும். பள்ளியில் படிக்கும் தட்டை வடிவியலை வகுத்த யூக்ளிட், அப்படி ஒன்றே ஒன்றுதான் என்றாரே என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு முடிக்கக் கணிதத்துக்கே இரண்டாயிரம் ஆண்டு ஆனது. அவள் மடியில் துணியை வைத்துக்கொண்டு கேட்டாள். இதற்கு ஆன செலவு நூலும் ஊசியும்தான்.

இதைப் பார்த்துத்தான் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் 2005-இல் குரோஷா பவளத்திட்டைத் தொடங்கினார்கள். பவள உயிரிகள் பலவற்றின் சுருண்ட விளிம்புகள் இதே வடிவியல்தான். வேண்டுமென்றே கணக்கைக் கொஞ்சம் மீறிப் பின்னினால் புதுப்புது ‘இனங்கள்’ கிடைக்கும். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், பின்னினார்கள். 2019-இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சிக்கே போனது. அங்கே போனதைவிட, பின்னிய ஒவ்வொருவரும் ஒரு வடிவியலைக் கையால் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் கணக்கில் பெரிது. இதிலும் குறை இல்லாமல் இல்லை. அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ‘அட, எவ்வளவு அழகு’ என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் ஒட்டாது. வடிவியல் போய்ச் சேருவது பின்னுகிறவருக்கு மட்டும்தான். ஆனால் அறிக்கைகளில் எண்ணிக்கை காட்டப்படுவது எப்போதும் பார்த்தவர்களுக்கு.

எண்ணிக்கை என்றதும் பின்னூட்டப் படிவம் ஞாபகம் வருகிறது. ‘உங்களுக்குப் பிடித்திருந்ததா? 1 முதல் 5 வரை.’ எல்லோரும் 4 போடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்கிற மாதிரிதான். இதைவிட ஒழுங்காகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட 37 கலைப்படைப்புகளைப் பார்த்த 874 பேரின் பதில்களை லாரா சோமர், கிறிஸ்டியன் க்ளோக்னர் என்ற இருவர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். படைப்புகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பயமுறுத்தியவை, ஆறுதல் சொன்னவை, புராணம் பேசியவை, அப்புறம் தீர்வு ஒன்றை வியப்போடு காட்டியவை. கடைசி வகைக்குத்தான் வரவேற்பு அதிகம். 37-இல் அந்த வகையில் விழுந்தவை 3.

அதே மாநாட்டுச் சமயத்தில் கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்திலிருந்து 12 பனிப்பாளங்களைக் கொண்டுவந்து பாரிஸ் சதுக்கத்தில் உருகவிட்டார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். பனியில் காதை வைத்தால் உள்ளே அடைபட்ட பழங்காலக் காற்று வெடித்து வெளியேறும் சத்தம் கேட்கும். எந்தப் பாடப்புத்தகமும் அதைத் தராது. ஆனால் அதைக் கொண்டுவந்ததற்கான கரிம உமிழ்வு ஏறக்குறைய 30 டன் என்று அவர்களே கணக்கும் வெளியிட்டார்கள். கணக்கைக் காட்டிய நேர்மைக்கு மதிப்பெண் உண்டு. பணம் தனியார் அறக்கொடை என்பதால் இங்கே நான் அதிகம் சண்டை போடவில்லை.

செலவுக்குப் பலன் என்று பார்த்தால் என் முதல் இடம் வேறொன்றுக்கு. ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்ட வெப்பப் பட்டைகள். ஒரு பட்டை ஒரு ஆண்டு. குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. எண் கிடையாது, எழுத்து கிடையாது. அதே பல்கலைக்கழகத்தின் எல்லி ஹைவுட் அதற்கு முந்தைய ஆண்டு உலக வெப்பநிலையை ஒரு போர்வையாகப் பின்னியிருந்தார். அதுவும் குரோஷாதான்! யாரும் மானியம் கேட்டு நீண்ட விண்ணப்பம் எழுதித் தொடங்கிய காரியங்கள் அல்ல இவை. தரவைக் கையில் வைத்திருந்த ஆட்களே அதற்கு நிறமும் தேர்ந்தார்கள்.

‘அந்தப் பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமே’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இது வேறு உண்டியல், ஆய்வகத்துக்குப் போகாது. நியாயமான போட்டியாளர் பள்ளிக்கூடம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு காகிதத்தை மடித்துச் செய்த ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கியின் பாகங்களுக்கு ஒரு டாலர்கூட ஆகாது. ஒரு சராசரி சயார்ட் மானியத்துக்கு எத்தனை குழந்தைகள் கையில் நுண்ணோக்கி கொடுக்கலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். விண்ணப்பத்தைப் படிக்கும்போது நான் இந்த எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். பின்னல் மாதிரி முயற்சிகள் அதன் பக்கத்தில் நிற்கும். இருட்டறைகள் நிற்காது.

சரி, தகுமா? சின்னத் தொகை, நீண்ட காலம், பார்வையாளர் கையில் ஒரு வேலை, தொடக்கம் முதல் கூடவே ஒரு விஞ்ஞானி. இவை இருந்தால் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். திறப்பு விழாவுக்கும் ஒளிவிளக்குக்கும் பாதிப் பணம் ஒதுக்கியிருந்தால் கலைத் துறையின் வாசலைக் காட்டுங்கள். அப்புறம் ஒன்று: இந்த விண்ணப்பங்களில் கலைஞரின் சம்பளம்தான் எப்போதும் மிகச் சிறிய வரி, பல நேரம் ‘மதிப்பூதியம்’ என்ற பெயரில். அடுத்த சுற்றில் பின்னல் பட்டறை ஒன்று என் முன்னால் வந்தால், நூலுக்கு எழுதியிருப்பதில் பாதியை எடுத்துச் சொல்லிக்கொடுப்பவருக்குப் போடச் சொல்வேன். அக்ரிலிக் நூல் மலிவு, கம்பளியைவிட விறைப்பாகவும் நிற்கும்.