அடியில் ஒரு ஸ்விட்சா, டாஸ் கோட் பேஜா?

80களில், அமெரிக்க ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த கணினியில் ஜெர்மனோ டேனிஷோ எழுத இரண்டு வழிகள் இருந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஏழு பிட் அட்டவணையில் இருக்கும் குறிகள் சிலவற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உள்ளூர் எழுத்தை வைக்கலாம். இல்லாவிட்டால் எட்டாவது பிட்டையும் எடுத்துக்கொண்டு, கூடுதலாகக் கிடைக்கும் 128 இடங்களை நாட்டுக்குத் தக்கபடி நிரப்பலாம். அப்படி நிரப்பிய அட்டவணைக்குத்தான் கோட் பேஜ் என்று பெயர்.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் ஐரோப்பாவில் விற்ற ஆப்பிள் டூ-ஈ கணினி. கீபோர்டின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச். தட்டினால் அமெரிக்க எழுத்துகள், மறுபடி தட்டினால் ஜெர்மன். நினைவகமும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம். ஆனால் சதுர அடைப்பும் நெளிவு அடைப்பும் இருந்த இடங்களில் உம்லாட் எழுத்துகள், அதாவது தலையில் இரு புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகள், வந்துவிடும். கடிதம் எழுதுபவருக்கு அது வரம். பாஸ்கல் மொழியில் நிரல் எழுதுபவருக்கோ, சதுர அடைப்பு போட்டு எழுதும் அரே முழுக்க உம்லாட்டாகத் தெரியும். ஸ்விட்ச் மாறினாலும் ஃபைலில் இருக்கும் எண் மாறுவதில்லை என்பதுதான் காரணம்.

1987இல் வந்த டாஸ் 3.3 இயங்குதளம் இரண்டாவது வழியில் கோட் பேஜை மென்பொருளாலேயே மாற்றிக்கொள்ள விட்டது. அடைப்புக்குறிகள் தப்பித்தன. அதற்கான சடங்குகள்தான் அதிகம்: கான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்பு ஃபைலில் டிஸ்ப்ளே.சிஸ், பிறகு என்எல்எஸ்ஃபங்க், மோட் கட்டளையால் எழுத்துருவை ஏற்றுவது, கடைசியாக கோட் பேஜை மாற்றும் சிஎச்சிபி கட்டளை. அதுவும் ஈஜிஏ போல எழுத்துருவை ஏற்றிக்கொள்ளும் திரைக் கார்டு இருந்தால்தான். சிஜிஏ கார்டின் டெக்ஸ்ட் மோடில் மாற்ற முடியாத ரோம் (ROM) சில்லில் பதித்ததுதான் எழுத்து, மாற்றும் பேச்சே இல்லை.

சரி, டாஸ்தான் என்று முடிவானால் எந்தக் கோட் பேஜ்? டேனிஷ்காரருக்கு இது நிஜமான தலைவலி. வழக்கமான 437இல் குறுக்குக் கோடு போட்ட ஓ கிடையாது. அந்தப் பெரிய எழுத்தின் இடத்தில் ஜப்பானிய யென் குறி நிற்கும். 865 அதைச் சரிசெய்துவிட்டு மற்றதை ஏறக்குறைய அப்படியே விட்டது. 850 மேற்கு ஐரோப்பா முழுவதற்கும் இடம் தேடியது. அதற்காக ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் கலந்த சட்டக் குறிகளைப் பலி கொடுத்தது. அவற்றை வைத்து ஜன்னல் வரைந்த புரோகிராம்களில் ஓரமெல்லாம் கொம்பு முளைத்த எழுத்துகள்!

கோபன்ஹேகனுக்குள்ளேயே கடிதம் போகும் அலுவலகம் என்றால் என் ஓட்டு 865க்கு. லிஸ்பனுக்கும் எழுத வேண்டுமென்றால் 850தான். போர்ச்சுகீசிய அலைக்குறி எழுத்துகள் 865இல் இல்லை. நிரலும் கடிதமும் ஒரே கணினியில் என்பவருக்கு ஆப்பிள் ஸ்விட்ச் ஒத்துவராது.

எதைத் தேர்ந்தாலும் பிரிண்டரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எப்சன் எஃப்எக்ஸ்-80க்கு நாடு எது என்று சொல்ல அதற்கென்றே டிஐபி எனும் குட்டி ஸ்விட்சுகள் இருந்தன.