நல்லார்பார் சாலையில் மோட்டார் ஹோம்: 5 வருடம், 4 பயணம்

ஆஸ்திரேலியாவின் ஏர் நெடுஞ்சாலை, நார்ஸ்மனில் இருந்து போர்ட் அகஸ்டா வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். கடந்த 5 வருடங்களில் எங்கள் 7 மீட்டர் டீசல் மோட்டார் ஹோமில் (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) நானும் மனைவியும் அதை நான்கு தடவை கடந்திருக்கிறோம். வண்டி வாங்கும்போது இன்ஜினைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டேன். இன்ஜின் ஒரு நாளும் படுத்தவில்லை. எங்களைப் படுத்தியதெல்லாம் காற்றுதான், வெளியே அடிப்பதும் டயருக்குள் இருப்பதும்.

இந்தச் சாலை கடக்கும் சமவெளிதான் நல்லார்பார். அந்தப் பெயரே 'மரம் இல்லை' என்ற லத்தீன் சொற்களில் இருந்து வந்தது. காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. எங்கள் வண்டியின் முகப்போ சுவர் மாதிரி. முதல் தடவை எதிர்க்காற்றில் மாட்டினோம். வழக்கமாக 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கும் வண்டி, அன்றைக்கு 18 லிட்டரைத் தாண்டியது. பலடோனியாவை விட்டால் கைகுனா வரை சுமார் 180 கிலோமீட்டருக்கு டீசல் இல்லை. அதில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இப்போது பாதி டேங்க் இருந்தாலும் ஒவ்வொரு ரோட்ஹவுஸிலும் (டீசலும் சாப்பாடும் கிடைக்கும் வழியோர நிறுத்தம்) நிரப்பிவிடுகிறேன். 110 வரை போகலாம் என்று பலகை இருக்கும். நான் 85-ஐத் தாண்டுவதில்லை.

டயர் கதை இரண்டாவது பயணத்தில் நடந்தது. நேர்ச்சாலை முடியும் நேரம், "பின்னால சத்தம் வேற மாதிரி கேக்குதுங்க" என்றாள் மனைவி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கைகுனாவில் நிறுத்தி, குனிந்து டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். இடது பின்பக்கம் வெளி டயரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. மற்றதெல்லாம் வெதுவெதுப்புதான். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால், உள் டயரில் காற்று இறங்கினாலும் வெளி டயர் தாங்கிக்கொள்ளும். பார்வைக்குத் தெரியவே தெரியாது. உள் டயருக்குக் காற்றடிக்கப் போட்டிருந்த நீட்டிப்புக் குழாய் கசிந்திருந்தது. இன்னும் 50 கிலோமீட்டர் ஓடியிருந்தால் இரண்டும் போயிருக்கும். அந்தக் குழாய்களைக் கழற்றிவிட்டு இரும்பு வால்வு போட்டேன். ஆறு டயருக்கும் அழுத்தம், சூடு காட்டும் சென்சாரும் வாங்கினேன். இந்த வண்டிக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான். மேலே உள்ள பட்டன் (டயரின் பிடிமானக் கட்டைகள்) தேயவில்லையே என்று டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும். மோட்டார் ஹோம் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும்.

வண்டியோடு வந்த மூவழி ஃப்ரிட்ஜை (கேஸ், பேட்டரி, வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடுவது) மூன்றாம் வருடம் கழற்றிவிட்டோம். வெயில் 40 டிகிரியை நெருங்கினால் பால் திரிந்துவிடும். வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் அது ஒழுங்காகக் குளிராது. இப்போது கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜும் லித்தியம் பேட்டரியும், கூரையில் சோலாரும். அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் 130 லிட்டர் டேங்கில். குடிக்க மட்டும் தனியாக இரண்டு 20 லிட்டர் கேன். ரோட்ஹவுஸில் தண்ணீர் பிடிக்கலாம் என்று நம்பிப் போகக் கூடாது, அங்கே அதுவே அரிதான பொருள். காய், பழம் அதிகம் ஏற்ற வேண்டாம். மேற்கே போனால் பார்டர் வில்லேஜிலும், கிழக்கே வந்தால் செடூனாவிலும் பூச்சி பரவக் கூடாது என்று சோதித்து வாங்கிவிடுவார்கள்.

ட்ரெய்லர்களைக் கோத்து இழுக்கும், 30 மீட்டரைத் தாண்டும் ரோடு ட்ரெயின் லாரி எதிரே வரும்போது முதலில் நம்மைத் தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தை மாற்றாமல் இருந்தால் போதும். பின்னால் வந்தால், லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் UHF ரேடியோவின் சேனல் 40-இல் பேசி வழிவிடுவேன்.

நாலு மணிக்குமேல் ஓட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். பொழுது சாய்ந்தால் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். யூக்லா பக்கம் 45 நிமிடக் கணக்கில் நேரம் மாறுவதால் கடிகாரத்தை நம்பாமல் வெயிலைப் பார்த்து நிறுத்துகிறோம். எங்களுக்கு அதுதான் பிடித்த நேரம். இன்ஜின் ஆறும் டிக் டிக் சத்தம், அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

வரும் ஆகஸ்டில் அந்த வழியிலேயே இருக்கும் ஹெட் ஆஃப் பைட் கடற்கரையில் திமிங்கிலம் பார்க்க மறுபடி போகிறோம். முன் டயர் இரண்டுக்கும் ஆறு வயது ஆகப்போகிறது, புதிது சொல்லிவைத்திருக்கிறேன்.