ஹாலுக்கு ஒன்று, இருட்டறைக்கு ஒன்று: இரண்டு ஓஎல்இடி டிவிகளோடு மூன்று வருடம்

2023-ல் நானும் அண்ணனும் ஒரே மாதத்தில் ஆளுக்கொரு 65 அங்குல ஓஎல்இடி டிவி வாங்கினோம். பின்னால் விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணைந்தால் முழுக் கருப்பாகும் திரை அது. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடிப்படியில் நான்கு பேர் பிடித்துக்கொண்டு, இரண்டையும் இடம் மாற்றினோம். என்னுடையது மாடிக்குப் போனது, அவனுடையது கீழே வந்தது. இரண்டிலும் எந்தக் கோளாறும் இல்லை. எந்த அறைக்கு எது பொருந்தும் என்று வாங்கும்போது நாங்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யாராவது அதே தவறைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் டிவிகள் எந்த பிராண்டு என்பது முக்கியமில்லை. உள்ளே இருக்கும் பேனல், அதாவது படம் காட்டும் பலகை, எந்த வகை என்பதுதான் விஷயம். ஓஎல்இடி டிவி 2007-ல் சோனியின் 11 அங்குலச் சின்னத் திரையாக வந்தது. 2013-ல் எல்ஜி 55 அங்குலத்தில் கொண்டுவந்தது. அதிலிருந்து பல வருடம் பெரிய திரையில் கிடைத்தது பெரும்பாலும் ஒரே வகைதான்: வெள்ளை ஒளியை உண்டாக்கி, அதன்மேல் வண்ண வடிகட்டி வைப்பது. சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெளிச்சத்தைக் கூட்ட வடிகட்டி இல்லாத வெள்ளைப் புள்ளியும் நான்காவதாக இருக்கும். இதை டபிள்யூ-ஓஎல்இடி என்பார்கள். 2022-ல் சாம்சங் டிஸ்ப்ளே தயாரித்த க்யூடி-ஓஎல்இடி வந்தது. அதில் பிறப்பது நீல ஒளி. குவாண்டம் டாட் என்னும் நுண்துகள்கள் அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும். வடிகட்டியும் இல்லை, வெள்ளைப் புள்ளியும் இல்லை. சாம்சங், சோனி இரண்டுமே இந்தப் பேனலைத் தங்கள் உயர்ரக டிவிகளில் போடுகின்றன.

நான் வாங்கியது க்யூடி-ஓஎல்இடி. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதன் நிறம் என்னை அசத்திவிட்டது. அண்ணன் டபிள்யூ-ஓஎல்இடி எடுத்தான். கடைக்காரர்கள் டிவி வைத்திருந்த மூலை அரையிருட்டாக இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

எங்கள் ஹாலில் இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல். டிவி மாட்டிய மறுநாள் பதினோரு மணிக்கு அம்மா வந்து, அணைந்திருந்த திரையைப் பார்த்து, "ஏண்டா, இது கருப்பா, கத்திரிப்பூ கலரா?" என்றார். பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் கன்னங்கரேல் என்று இருந்தது. திரையோ சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருந்தது. திரைக்கு முன்னால் உள்ளங்கையைக் கவிழ்த்து நிழல் விழவைத்தேன். அந்த நிழலுக்குள் மட்டும் கருப்பு திரும்பி வந்தது, கையை எடுத்ததும் போய்விட்டது. காரணம் எளிமையானது. வெளிவெளிச்சம் உள்ளே போய்த் திரும்பாமல் விழுங்கும் போலரைசர் படலம் டபிள்யூ-ஓஎல்இடியில் உண்டு, க்யூடி-ஓஎல்இடியில் இல்லை. அறை இருட்டாக இருக்கும்வரை அதனால் எந்த நஷ்டமும் இல்லை. விளக்கு போட்டாலோ வெயில் வந்தாலோ, எந்தக் கருப்புக்காக ஓஎல்இடி வாங்கினோமோ அந்தக் கருப்பே வெளுத்துவிடுகிறது. திரைச்சீலை போட்டால் சரியாகும். ஆனால் பகல் முழுக்க அப்பாவும் அம்மாவும் உட்காரும் ஹாலை டிவிக்காக எப்படி இருட்டாக்குவது?

மாடியில் அண்ணன் அறைக்குச் சின்ன ஜன்னல் ஒன்றுதான். இரவு பத்து மணிக்கு மேல்தான் டிவி போடுவான். அதாவது க்யூடி-ஓஎல்இடிக்கே கட்டிய மாதிரி அறை. இடம் மாற்றிய அன்றிரவு அங்கே உட்கார்ந்து ஒரு காட்சியைப் பார்த்தோம். மழை பெய்யும் இரவு, நனைந்த சாலை, வரிசையாக நிற்கும் கார்களின் பின்விளக்குகள். ஒரு வாரம் முன்பு இதே காட்சியை இதே அறையில் அவனுடைய டபிள்யூ-ஓஎல்இடியில் பார்த்திருந்தோம். அதில் பின்விளக்கின் நடுப்பகுதி வெளிறி, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது. வெளிச்சம் ஏற ஏற வெள்ளைப் புள்ளி துணைக்கு வருவதால் நிறத்தின் அடர்த்தி குறைகிறது. இதிலோ விளக்கின் மையம்வரை சுத்தச் சிவப்பு. ஈரத்தார்மேல் சிந்திய சிவப்பும் அப்படியே இருந்தது. அண்ணன் ரிமோட்டை வைத்துவிட்டு, "இதையா எட்டு மாசம் கீழே வெயில்ல காய வச்சிருந்தே?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஆனால் டபிள்யூ-ஓஎல்இடி மட்டமானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹாலில் அது வந்த பிறகுதான் பகலில் இருட்டுக் காட்சியில் ஆள் முகம் தெரிகிறது. சாதாரண வெளிச்ச அளவில் இரண்டின் நிறத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. தீப்பிழம்பு, நியான் பலகை, சூரிய அஸ்தமனம் என்று ஒளியும் நிறமும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் இடங்களில்தான் க்யூடி-ஓஎல்இடி முந்துகிறது. ஒரு படத்தில் அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை நிமிடம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, அம்மாவின் நாற்காலி டிவிக்கு நேராக இல்லை, ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் டபிள்யூ-ஓஎல்இடியில் வெள்ளைப் பரப்பு லேசாகப் பச்சை தட்டும். அம்மா கவனித்ததில்லை. நான் கவனிக்கிறேன்.

இப்போது, பராமரிப்பில் நாங்கள் பட்ட ஒரு அனுபவம். இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். அப்பா தூங்கப் போகுமுன் சுவரில் இருக்கும் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிடுவார். டிவிக்கும் அதே கதி. டிவி கீழே வந்து இரண்டு மாதத்தில், இருட்டுக் காட்சிகளில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் விழ ஆரம்பித்தன. கேமரா பக்கவாட்டில் நகரும்போது, அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருந்தது. பேனல் போய்விட்டது என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால், ஓஎல்இடி டிவி மொத்தமாகச் சுமார் 4 மணி நேரம் ஓடிய பிறகு, நாம் ரிமோட்டில் அணைத்ததும், ஸ்டாண்ட்பையில் இருந்தபடியே புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். சில நிமிட வேலை. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்த வேலை நடக்காது. எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக அது ஒருமுறைகூட நடந்திருக்காது. அப்பாவிடம் விளக்கிச் சொல்லி, சுவிட்சின் மேல் ஒரு ஒட்டுத்தாளில் 'அணைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். நான்கைந்து நாளில் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

மெனுவில் ஒரு மணி நேரம் ஓடும் பெரிய 'பேனல் ரிஃப்ரெஷ்' ஒன்றும் இருக்கிறது. அதை அடிக்கடி ஓட்டாதீர்கள். பேனலுக்கு நல்லதல்ல. டிவியே கேட்கும்போது ஓட்டினால் போதும்.

பர்ன்-இன், அதாவது அசையாத படம் திரையில் நிழலாகத் தங்கிவிடும் பயம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஹால் டிவி தினமும் சராசரியாக 5 மணி நேரம் ஓடுகிறது. அதில் மூன்று மணி நேரம் அப்பாவின் செய்தி சேனல்கள், அதாவது கீழே எப்போதும் ஒரே இடத்தில் ஒரு பட்டை. மாடியில் இருந்த எட்டு மாதத்தையும் சேர்த்தால், மூன்று வருடத்தில் சுமார் 5,000 மணி நேரம் ஓடியிருக்கும். திரை முழுக்க ஒரே சிவப்பை ஓடவிட்டுப் பார்த்தால், அந்தப் பட்டை இருக்கும் இடத்தில் மெல்லிய நிழல் தெரிகிறது. படம் பார்க்கும்போது தெரியவில்லை. நிழல் இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். செய்திக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன், லோகோ மங்கல் (அசையாத சின்னத்தை மங்கலாக்குவது), பிக்சல் நகர்த்தல் (படத்தை அவ்வப்போது துளி நகர்த்துவது) இரண்டையும் ஆனில் விட்டிருக்கிறேன். நாள் முழுக்க ஒரே சேனல் ஓடும் வீடாக இருந்தால் ஓஎல்இடியே வேண்டாம், நல்ல மினி எல்இடி (பின்னால் குட்டிக் குட்டி விளக்குகள் உள்ள எல்சிடி) வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மாடியில் படங்கள் மட்டும் ஓடும் டிவியில் எதுவும் இல்லை.

பழைய எல்சிடியிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் வாரம் உறுத்தும் விஷயம் வேறு. "படம் தடுக்கித் தடுக்கிப் போகுது" என்று அப்பா சொன்னார். சினிமா வினாடிக்கு 24 பிரேம். ஓஎல்இடி புள்ளி ஒரு மில்லி வினாடிக்குள் நிறம் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு பிரேமும் சுமார் 42 மில்லி வினாடி அசையாமல் நின்று, சட்டென்று அடுத்ததற்குத் தாவும். எல்சிடியில் இருந்த மந்தம்தான் அதை இத்தனை நாள் மறைத்துவந்தது. இரண்டு டிவியிலும், இடையில் பிரேம்களைச் சேர்த்து அசைவை மென்மையாக்கும் மோஷன் அமைப்பைப் பத்துக்கு இரண்டு அல்லது மூன்றில் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் போனால் படம், ஸ்டூடியோவில் வீடியோ கேமராவில் எடுத்த நாடகம் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு உறுத்தல், தானாக மங்குவது. இந்த ரக டிவிகள் திரையின் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெளிச்சமாக இருந்தால் 1,000 நிட்டுக்கு (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) மேல் போகும். திரை முழுக்க வெள்ளை என்றால் அதில் கால்வாசிதான் வரும். பனிமலைக் காட்சியில் இது நன்றாகத் தெரியும். அசையாத நீளமான காட்சியிலும் மங்கும். ஒரே அறையில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த காட்சி ஒன்றில், சத்தம் கூட்ட ரிமோட்டை அழுத்தினேன். ஒலி அளவு திரையில் தோன்றிய அந்த நொடியில் படம் முழுக்கப் பளிச்சென்று ஏறியது. அதுவரை அது இறங்கிக்கொண்டே இருந்ததை யாருமே உணரவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். எச்டிஆர் என்பது வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் பட முறை; டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸும் அதைக் காட்சிக்குக் காட்சி சரிசெய்பவை. சாம்சங் டிவிகளில் 2025 மாடல்கள் வரை டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 பிளஸ் உண்டு. எல்ஜி, சோனியில் நேர்மாறு. படத்துக்கு வேண்டிய முறை டிவியில் இல்லையென்றால் அது சாதாரண எச்டிஆர்10-ல் ஓடும், குடி முழுகிவிடாது. கேம் கன்சோல் இரண்டு வைத்திருப்பவர்கள் வேகமான கேம் படத்தைத் தாங்கும் எச்டிஎம்ஐ 2.1 துளை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எல்ஜியின் உயர்ரகத்தில் நான்கு, சோனி ஏ95எல்-லில் இரண்டுதான், அதிலும் ஒன்று சவுண்ட்பார் போகும் துளை. க்யூடி-ஓஎல்இடியின் மேற்பரப்பு சீக்கிரம் கீறும். நான் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்ததில் வலது மூலையில் ஒரு கோடு விழுந்தது. ஈர மைக்ரோஃபைபர் துணியால் தொட்டும் தொடாமலும் துடையுங்கள். இந்தப் பேனலில் வெள்ளை சப்டைட்டில் எழுத்தின் மேல் விளிம்பில் பச்சையும் கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பும் கிட்டத்தில் போனால் தெரியும். புள்ளிகள் முக்கோணமாக அடுக்கப்பட்டிருப்பதால் வருவது. எட்டடியில் உட்கார்ந்தால் தெரியாது.

எதை வாங்கினாலும் முதல் நாளே, நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' பட முறையை மாற்றி சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் முறைக்குப் போங்கள். முதலில் மஞ்சளாகத் தோன்றும். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால், பிறகு விவிட் பக்கம் திரும்பவே மனம் வராது.

கடைக்குப் போகும்போது, அணைத்த திரைமேல் போனின் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உங்கள் ஹால் பகலில் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு நொடி காட்டிவிடும். நான் அதைச் செய்திருந்தால், 65 அங்குலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படியில் பின்பக்கமாக இறங்கியிருக்க வேண்டியதில்லை.