பழைய செஸ்னாவுக்குப் புதிய சாமான்: எந்த அனுமதி வழி நமக்குச் சரிவரும்?

திருகோணமலை சீனக்குடா ஓடுபாதைப் பக்கம் இருப்பவர்களுக்கு செஸ்னா 150 புதிய விமானம் இல்லை. விமானப்படை அங்கே பயிற்சிக்குப் பயன்படுத்தி வந்த சின்ன இரட்டை இருக்கை விமானம் அது. படையின் விமானங்கள் அரச விமானங்கள், அவற்றுக்கு வேறு ஒழுங்கு. நான் இங்கே பேசுவது 4ஆர் என்று தொடங்கும் இலங்கைச் சிவில் பதிவெண்ணோடு பறக்கும் பழைய செஸ்னாக்களைப் பற்றி. விமானப் பராமரிப்பு வேலை பழக வரும் திருகோணமலைப் பொடியன்களும், ஒரு பழைய விமானத்தை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

செஸ்னா 150இன் வகைச் சான்றிதழ், அதாவது அதன் வடிவமைப்புக்கான அங்கீகாரம், 1958இல் கிடைத்தது. 1977 வரை ஏறக்குறைய 24,000 விமானங்கள் செய்தார்கள். ஆக, கடைசியாக வந்ததற்கே நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. சாமான் கிடைக்காமல் இல்லை. கிடைக்கிற சாமானைச் சட்டப்படி பூட்டுவதுதான் கஷ்டம். விமானத்தை வடிவமைத்த நாடு அமெரிக்கா என்பதால் வடிவமைப்பைப் பற்றிய முதல் சொல் அந்த நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏயிடம் இருக்கிறது. பதிவு இலங்கையில் என்பதால் கடைசிச் சொல் நமது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம். இந்த இரண்டு வாசலையும் தாண்டக்கூடிய கடதாசி எது என்பதை வைத்துத்தான் வழிகளை ஒப்பிட வேண்டும். இணையத்தில் அமெரிக்க உரிமையாளர்கள் எழுதுவதை வாசிக்கும் நம்மவர்கள் இரண்டாவது வாசலை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் பிஎம்ஏ. அசல் கம்பனி அல்லாத இன்னொருவர் மாற்றுச் சாமான் செய்து விற்க எஃப்ஏஏ கொடுக்கும் அனுமதி இது. வடிவமைப்பையும் பார்ப்பார்கள், தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டையும் பார்ப்பார்கள். பிரேக் லைனிங், காற்று வடிகட்டி, கேஸ்கட் மாதிரித் தேய்ந்து போகிறவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சாமானிலோ பொதியிலோ எஃப்ஏஏ-பிஎம்ஏ என்ற அடையாளம் இருக்கும், கூடவே சாமானின் தகுதிக்குச் சான்றான எஃப்ஏஏ 8130-3 படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் படிவத்தில் ‘இது முக்கியமான உறுப்பு அல்ல’ என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிற நாட்டு அதிகாரிகள் பிஎம்ஏ சாமானை ஏற்கும்போது பெரும்பாலும் தேடுவது அந்த வரியைத்தான். பிஎம்ஏ பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்கள் மாதிரிக்குப் பொருந்தும் பிஎம்ஏ இருந்தால் வாங்குங்கள், அவ்வளவுதான்.

எஸ்டிசி, அதாவது துணை வகைச் சான்றிதழ், இன்னும் பெரிய வேலைக்கு. தேய்ந்ததை மாற்றுவதற்கு அல்ல, விமானத்தின் வடிவமைப்பையே மாற்றுவதற்கு. 1982இல் அமெரிக்காவின் ஈஏஏ என்ற விமான ஆர்வலர் சங்கம் செஸ்னா 150 மோட்டர்க்கார் பெற்றோலில் பறக்க எஸ்டிசி எடுத்தது (எதனோல் கலந்த பெற்றோலுக்கு அது செல்லாது). 2016இல் அதே சங்கம், பறப்பு நிலையைத் திரையில் காட்டும், சான்றளிக்கப்படாத டைனன் டி10ஏ மின்னணுக் கருவியைச் செஸ்னா 150 உட்படச் சில பழைய விமானங்களில் பூட்ட எஸ்டிசி வாங்கிக் கொடுத்தது. பழைய விமானக்காரர்களுக்கு அது பெரிய திருப்பம். விலை உயர்ந்த கருவியை விட்டால் வேறு கதியில்லை என்றிருந்த நிலை அதோடு மாறத் தொடங்கியது.

எஸ்டிசியில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். சான்றிதழ் இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்த முடியாது, அதன் உரிமையாளர் உங்கள் விமானத்துக்கு எழுத்தில் அனுமதி தர வேண்டும். சான்றிதழ் பொருந்தும் விமான மாதிரிகளின் பட்டியலில் 150எஃப் இருந்து 150எம் இல்லாவிட்டால், உங்களிடம் இருப்பது எம் என்றால், அந்தச் சான்றிதழ் உங்களுக்கு வெறும் கடதாசி. மூன்றாவது, ஏற்கெனவே செய்த மாற்றங்களோடு புதியது ஒத்துப்போகிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு பூட்டுகிறவருடையது. ஐம்பது வருடம் கைமாறி வந்த விமானத்தில் இந்த மூன்றாவதுதான் நிறைய நேரம் தின்னும். இவ்வளவு இருந்தாலும் வேறு நாட்டு அதிகாரியின் மேசையில் நிமிர்ந்து நிற்கக்கூடிய கடதாசி எஸ்டிசிதான். சோதனைத் தரவு, பூட்டும் முறை, பராமரிப்புக் குறிப்பு எல்லாம் அதன் பின்னால் இருக்கும்.

அடுத்தது அமெரிக்கர்கள் நிறையப் புகழும் ஃபீல்ட் அப்ரூவல். உள்ளூர் எஃப்ஏஏ பரிசோதகர், பெரிய மாற்றங்களைப் பதியும் 337 படிவத்தில் ஒரு விமானத்துக்கு மட்டும் கையெழுத்து வைப்பது. மலிவு, நல்ல பரிசோதகர் கிடைத்தால் வேகம். ஆனால் அது அமெரிக்கப் பதிவு விமானத்துக்கு உரியது. அங்கே பூட்டிய மாற்றத்தோடு விமானம் இலங்கைக்கு வந்தால், அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன தரவு இருந்தது என்று இங்கே கேட்பார்கள். கேட்பதும் நியாயம். வாங்க நினைக்கும் பழைய செஸ்னாவின் பதிவேட்டில் 337 படிவங்கள் நிறைய இருந்தால், விலை பேசும் முன்பே ஒவ்வொன்றுக்கும் உரிய வரைபடத்தைக் கேளுங்கள்.

உரிமையாளரே செய்யும் சாமான் என்ற வழியும் அமெரிக்க விதியில் உண்டு. பலர் இதைத் தவறாக விளங்கியிருக்கிறார்கள். நமது ஊரில் மீன்பிடிப் படகுகளுக்கு அருமையாகச் சாமான் கடையும் லேத் கடைகள் இருக்கின்றன. ஒரு புஷ்ஷைக் கொடுத்தால் மறுநாளே அச்சு அசலாகக் கடைந்து தருவார்கள். அளவு சரிவரும். உலோகம் எது, எந்தச் சூட்டுப் பதம், அதற்குச் சான்று எங்கே என்பதற்குத்தான் பதில் இருக்காது. விதி கேட்பது, உரிமையாளர் வடிவமைப்பிலோ மூலப்பொருளிலோ தரக் கட்டுப்பாட்டிலோ உண்மையாகவே பங்கெடுத்திருக்க வேண்டும், சாமானும் அங்கீகரித்த வடிவமைப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது. அதைச் செய்தாலும் நமது பதிவுக்கு அது தானாகச் செல்லாது.

கடைசியாக வார்மா. 1980 ஜனவரி 1க்கு முன் வகைச் சான்றிதழ் பெற்ற, 12,500 இறாத்தலுக்கு உட்பட்ட சிறிய விமானங்களுக்காக எஃப்ஏஏ அண்மையில் கொண்டுவந்த திட்டம். செயலிழந்தாலும் விமானம் பத்திரமாகப் பறந்து இறங்கக்கூடிய இடங்களில், கடையில் கிடைக்கும் வணிகச் சாமானைத் தகுந்த மதிப்பீட்டோடு பூட்ட இது வழி திறக்கிறது. 2009இலேயே பழைய விமானங்களில் மாற்றுச் சாமான், மாற்றுப் பொருள் பாவிப்பது பற்றி எஃப்ஏஏ ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டிருந்தது. அந்த எண்ணம் இப்போது நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தத் திட்டத்தின் அடிப்படை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சாமான் பழுதானால் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்துக் கடதாசியின் கனமும் இருக்க வேண்டும் என்பதுதான் அது.

இரண்டு உதாரணம் பார்ப்போம். செஸ்னா இருக்கை ஒரு தண்டவாளத்தில் நகரும், ஓர் ஊசி துளையில் விழுந்து அதைப் பிடித்து வைத்திருக்கும். துளை தேய்ந்தால் பறப்பெடுக்கும்போது இருக்கை பின்னால் வழுக்கும், விமானி கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டையும் தன்னோடு இழுத்துவிடுவார். இதற்காக எஃப்ஏஏ 1987இல் கட்டாய உத்தரவு போட்டது, 2011இல் அதைப் புதுப்பித்தது. அந்த ஊசியை லேத்திலும் கடையக் கூடாது, வார்மாவிலும் தேடக் கூடாது.

மற்றது இறங்கு விளக்கு. பழைய 4509 இழை விளக்கின் ஆயுள் 25 மணித்தியாலம்தான். இயந்திரத்தின் மூக்கு மூடியில் இருக்கும் மாதிரிகளில் அதிர்வில் இன்னும் சீக்கிரம் போகும். அதே வட்ட அளவில் உழவு இயந்திரத்துக்கு எல்இடி விளக்கு கிடைக்கிறது, பூட்டினால் பொருந்தும், வெளிச்சமும் கூட. பகலில் விளக்கு எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது, அப்படியானால் இதைப் பூட்டினால் என்ன? எல்இடிக்குள் இருக்கும் மின்சுற்று ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பக்கூடும். விளக்குப் போட்டதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் கரகரத்தால், விளக்கு நன்றாக எரிந்துகொண்டே ஆபத்தைக் கொண்டுவந்துவிட்டது. விமானத்துக்கென்று அனுமதி பெற்ற விளக்கில் இந்தச் சோதனையைச் செய்திருப்பார்கள், நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான். (நமது கடல் காற்றில் எர்த் இணைப்பு பச்சை பூத்தாலும் விளக்கு மங்கும். புதியது வாங்கும் முன் அதைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்.)

ஆகவே 4ஆர் பதிவு விமானத்துக்கு என் தெரிவு இப்படி: தேய்மானச் சாமானுக்கு பிஎம்ஏ, மாற்றங்களுக்கு எஸ்டிசி. வார்மாவில் வந்த சாமானை, அதிகார சபை ஏற்றால் மட்டும் எடுக்கலாம். மற்ற இரண்டையும் நான் தேடிப் போகமாட்டேன். ஓடர் கொடுக்கும் முன் சான்றிதழ், மாதிரிப் பட்டியல், பூட்டும் குறிப்பு மூன்றையும் உங்கள் பராமரிப்புப் பொறியியலாளர் மூலம் அதிகார சபைக்கு அனுப்புங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு காசைக் கட்டுங்கள்.